எந்த மண்ணில் எந்த நார்?

டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018இல் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. கடைக்கு எடுத்துப்போகும் பைகளில் சூழலுக்கு எது நல்லது என்று கண்டறிவதுதான் நோக்கம். மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பை மேலானது என்று சொல்ல வேண்டுமானால், அதைக் குறைந்தது 7,100 முறை பயன்படுத்த வேண்டும் என்றது அந்த அறிக்கை. இயற்கை வேளாண்மையில் விளைந்த பருத்தி என்றால் 20,000 முறை. நாள்தோறும் ஒரு முறை எடுத்துப்போனாலும் முதல் கணக்கை முடிக்கவே 19 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மஞ்சப்பையைக் கேலி செய்ய நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது.

அந்த எண் எப்படி வந்தது என்று பார்த்தால் கேலி செய்யத் தோன்றாது. புவி வெப்பமாதல் என்ற ஓர் அளவுகோலை மட்டும் வைத்தால், சாதாரணப் பருத்திப் பைக்கு 52 முறை போதும் என்று அதே அறிக்கை சொல்கிறது. ஓசோன் படலச் சிதைவு என்ற இன்னோர் அளவுகோல்தான் எண்ணை ஆயிரங்களுக்கு ஏற்றிவிட்டது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இயற்கைப் பருத்திப் பை அளவில் சற்றுச் சிறியது. அதனால் ஒன்றுக்கு இரண்டாகக் கணக்கிட்டார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: டென்மார்க்கில் பிளாஸ்டிக் பை தெருவில் கிடப்பதில்லை. குப்பைக் கூடைக்குள் விரிக்கப்பட்டு, பிறகு உலையில் எரிந்து, வெப்பமும் மின்சாரமுமாக மாறுகிறது. எனவே சாக்கடையில் அடைத்துக்கொள்ளும் பையும், மாட்டின் வயிற்றில் சேரும் பையும், கடலில் மிதக்கும் பையும் அந்தக் கணக்கில் இடம்பெறவே இல்லை. கோபன்ஹேகனுக்குப் போட்ட கணக்கு கூவத்துக்குப் பொருந்தாது.

எந்த இயற்கை நார் சூழலுக்கு உகந்தது என்று பட்டியலிடும் கட்டுரைகள் இப்போது நிறைய வருகின்றன. சணலுக்கு முதலிடம், பருத்திக்குக் கடைசி இடம் என்று மதிப்பெண் போடுகிறார்கள். அந்தப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே பயிர் ஓரிடத்தில் ஒரு கடலையே வற்ற வைத்திருக்கிறது. இன்னோரிடத்தில் வானம் கொடுத்த மழையை மட்டும் குடித்துவிட்டு மண்ணைக் கெடுக்காமல் விளைந்திருக்கிறது. பயிரின் பெயரைக் கேட்டு மதிப்பெண் போடுவது, ஊரையும் பேரையும் மட்டும் கேட்டுவிட்டு ஒருவரின் குணத்தைச் சொல்வதுபோல.

பருத்தி குடிக்கும் தண்ணீர்

ஒரு டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் என்ற வாசகத்தைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. பருத்தியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். தண்ணீர்த் தடக் கணக்கில் முக்கியமாக இரண்டு வகை உண்டு: மழையாகப் பெய்து மண்ணில் தங்கிய ஈரம் ஒன்று, ஆறு, ஏரி, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுத்துப் பாய்ச்சியது மற்றொன்று. முதல் வகைத் தண்ணீரைப் பருத்தி எடுக்காவிட்டால் அங்கே வளரும் புல்லோ கம்போ எடுத்திருக்கும். இரண்டாவது வகைதான் இன்னொருவரின் குடத்திலிருந்து எடுப்பது. 2,700 லிட்டர் என்ற எண் இரண்டையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்கிறது. பாசன நீரை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரு கிலோ பஞ்சுக்கு உலகச் சராசரி சுமார் 1,931 லிட்டர் என்கிறது சர்வதேசப் பருத்தி ஆலோசனைக் குழுவின் கணக்கு. அந்தச் சராசரிக்கும் பெரிய பொருள் இல்லை. உலகில் பருத்தி விளையும் நிலங்கள் பலவற்றுக்குச் சொட்டுத் தண்ணீர்கூடப் பாய்ச்சுவதில்லை. சில நிலங்கள் பாசனம் இல்லாவிட்டால் வெறும் பாலைவனம்.

ஆரல் கடலை வற்ற வைத்தது அந்தப் பாலைவனப் பருத்திதான். 1960களில் சோவியத் அரசு அமு தர்யா, சிர் தர்யா ஆறுகளை உஸ்பெகிஸ்தான் பருத்தி வயல்களுக்குத் திருப்பியது. உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஆரல், ஒரு தலைமுறைக்குள் உப்புப் புழுதி பறக்கும் வெளியாகிவிட்டது. மீன்பிடி ஊர்களின் படகுகள் மணலில் துருப்பிடித்துக் கிடக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பருத்தியின் குற்றம் என்று எழுதிவிடலாம். ஆற்றைத் திருப்பச் சொல்லிப் பருத்தி கேட்கவில்லை.

இந்தியாவில் பருத்தி நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மானாவாரி. பருத்திப் பரப்பில் உலகிலேயே நமக்குத்தான் முதலிடம். ஆனால், ஹெக்டேருக்குச் சுமார் 450 கிலோ பஞ்சுதான் எடுக்கிறோம். உலகச் சராசரி அதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். விளைச்சல் குறைவு என்றால் அதே அளவு பஞ்சுக்கு அதிக நிலம் வேண்டும். அதிக நிலம் எடுப்பது சூழலுக்கு நல்லதா? காட்டை அழித்து உருவாக்கிய நிலம் என்றால் நல்லதல்ல. விளாத்திகுளத்துக் கரிசலில் இந்தக் கேள்விக்கு வேறு பதில். அந்த நிலத்துக்கு ஐப்பசி மழை ஒன்றுதான் ஆதாரம். அங்கே பருத்தியோடு உளுந்தும் பாசிப்பயறும் ஊடாக நிற்கும். அடுத்த ஆண்டு அதே நிலத்தில் கம்போ குதிரைவாலியோ. பஞ்சு எடுத்த பிறகு பருத்திக்கொட்டை மாட்டுக்கு, மார் அடுப்புக்கு. ஒரு கிலோ பஞ்சோடு ஒன்றரை கிலோவுக்கு மேல் கொட்டை வருகிறது என்பதை ஒப்பீட்டுப் பட்டியல்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. எண்ணெயும் புண்ணாக்கும் பாலும் அந்த நிலத்தின் விளைச்சலில் சேர்த்திதான்.

கருங்கண்ணி ஏன் போனது?

நாடு சுதந்திரம் அடைந்தபோது இந்தியாவில் விளைந்த பருத்தி ஏறத்தாழ முழுவதும் நாட்டு ரகம். தென்மாவட்டக் கரிசலில் அதற்குக் கருங்கண்ணி என்று பெயர். 1901இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இதன் மேம்பட்ட ரகங்கள் உருவாயின. ஆழமாக வேர்விடும், வறட்சியைத் தாங்கும், தத்துப்பூச்சி, வெள்ளை ஈ போன்ற சாறுறிஞ்சிகளுக்கு எளிதில் மசியாது, இலைச்சுருட்டு வைரஸ் அதை நெருங்குவதில்லை. ஒரே ஒரு குறை, இழை குட்டை. ஆங்கிலேயர் காலத்து லங்காஷயர் ஆலைகளுக்கு நீண்ட இழை வேண்டியிருந்தது. இன்றைய அதிவேக நூற்பாலைகளுக்கும் அதுவேதான் வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க இனத்தைச் சேர்ந்த கம்போடியப் பருத்தி சென்னை மாகாணத்துக்கு வந்தது. 1970இல் சூரத்தில் உலகின் முதல் வணிக வீரிய ஒட்டுப் பருத்தியான எச்-4 வெளியானது. அதன்பின் அமெரிக்க இனமும் அதன் ஒட்டு ரகங்களும் நாடு முழுக்கப் பரவின. எந்திரத்துக்காகச் செடியை மாற்றினோம். மாற்றிய செடிக்குத் தண்ணீரும் மருந்தும் கூடுதலாகத் தேவைப்பட்டன.

2002இல், காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே சுரக்கும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்தி அனுமதிக்கப்பட்டதும் காய்ப்புழு மருந்து சில ஆண்டுகளுக்குக் குறைந்தது உண்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால், பி.டி. பருத்தியை ஏற்ற பெரும்பாலான நாடுகள் அந்தத் தொழில்நுட்பத்தை மறுபடி விதைக்கக்கூடிய ரகங்களில் புகுத்தியபோது, இந்தியா மட்டும் ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒட்டு விதையில் புகுத்தியது. விதை விலை அதிகம் என்பதால் விவசாயி செடிகளை இடைவெளிவிட்டு ஊன்றினார். செடியும் நீண்ட காலம் நிலத்தில் நின்றது. நீண்ட காலம் நிற்கும் செடி இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு விருந்து. சில ஆண்டுகளில் அந்தப் புழு பி.டி. நஞ்சுக்குப் பழகிவிட்டது, வெள்ளை ஈக்கு அந்த நஞ்சு முதலிலிருந்தே ஒரு பொருட்டில்லை. மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த கேசவ் கிராந்தியும் மானுடவியலாளர் கிளென் டேவிஸ் ஸ்டோனும் 2020இல் ‘நேச்சர் பிளான்ட்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையின் முடிவு இதுதான்: பி.டி. வருவதற்கு முன்பு பூச்சிக்கொல்லிக்குச் செலவழித்ததைவிட அதிகமாக இந்தியப் பருத்தி விவசாயி இப்போது செலவழிக்கிறார். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் மருந்து தெளித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் தெளித்த பயிர் பருத்தி.

இதற்கு மாற்றாக ‘ஆர்கானிக்’ முத்திரையைப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்வது எளிது. அந்த முத்திரையை வழங்கும் உலகளாவிய தரநிலை அமைப்பே 2020இல் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. இந்தியாவில் போலிச் சான்றிதழ்களின் மூலம் 20,000 டன் சாதாரணப் பருத்தி, இயற்கைப் பருத்தியாகக் காட்டப்பட்டிருக்கிறது. விவசாயி விதைத்ததே பி.டி. கலந்த விதையாக இருக்கும்போது, சான்றிதழில் மட்டும் பசுமை எப்படி வரும்?

இழை குட்டையாக இருப்பதாலேயே எதற்கும் உதவாது என்பதில்லை. தடித்த நூலுக்கும் கெட்டித் துணிக்கும் மருத்துவப் பஞ்சுக்கும் மெத்தைக்கும் அதுவே போதும். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்துக்கான பைகளை, ஒரு மாவட்டத்திலாவது கரிசல்காட்டு மானாவாரிப் பருத்தியில் தைக்கச் சொல்லியிருந்தால், கோவில்பட்டிப் பக்கத்தில் கருங்கண்ணி விதைப்பவர்களுக்கு உறுதியான ஒரு வாங்குநர் கிடைத்திருப்பார். டென்மார்க் கணக்குக்கு அதைவிட நல்ல பதில் இருக்க முடியாது.

வங்கத்துச் சணல்

சணல் விஷயத்தில் நான் பட்டியல்காரர்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். கங்கைச் சமவெளியின் கீழ்ப்பகுதியில் மழையோடு விதைத்து 120 நாளில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் பயிர் அது. உரம் குறைவு, மருந்து அதைவிடக் குறைவு. உதிரும் இலைகள் நிலத்துக்கே திரும்புகின்றன. அறுவடை முடிந்ததும் அதே வயலில் நெல் நடலாம். ஹெக்டேருக்கு இரண்டரை டன் அளவுக்கு நார். அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் உள்தட்டை, அதுவும் விறகுக்கும் வேலிக்கும் போகிறது. இந்தியாவும் வங்கதேசமும் சேர்ந்து உலகச் சணலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விளைவிக்கின்றன.

சிக்கல் அறுவடைக்குப் பிறகு. தட்டையிலிருந்து நாரைப் பிரிக்க, கட்டுகளைக் குளத்திலும் வாய்க்காலிலும் பதினைந்து, இருபது நாள் ஊறப்போட வேண்டும். நாரைத் தட்டையோடு ஒட்டவைத்திருக்கும் பசையைப் பாக்டீரியா தின்று நாரை விடுவிக்கும். அந்த வேலையில் தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் காலியாகிறது, மீன் செத்து மிதக்கிறது, மீத்தேன் வெளியேறுகிறது. கட்டுகள் மிதக்காமலிருக்க வாழைத்தண்டையும் சேற்றையும் மேலே ஏற்றினால் நார் கறுத்து, விலை பாதியாகும். அதை வியாபாரிகள் ‘ஷ்யாம்லா’ என்று சொல்லி ஒதுக்குவார்கள். ஓடுகிற தண்ணீர் இருந்தால் இதெல்லாம் பெரிய சிக்கல் இல்லை. வங்கத்தின் ஆறுகளும் ‘பில்’ எனப்படும் சதுப்பு ஏரிகளும் அந்த அழுக்கை நூறு ஆண்டுகளாகக் கழுவிக் கொடுத்துவந்தன. பருவமழை தள்ளிப்போகும் ஆண்டுகளில் அந்த வசதி இல்லை. 2022இல் தென்வங்கத்தில் மழை பொய்த்தபோது, அறுத்த சணலை ஊறப்போடத் தண்ணீர் இல்லாமல் விவசாயிகள் தவித்தார்கள். பாரக்பூரிலுள்ள சணல் ஆராய்ச்சி நிலையம், ஊறும் நாளைக் குறைக்கும் ‘சோனா’ என்ற நுண்ணுயிர்க் கலவையை உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. அது வயலுக்கு வயல் போய்ச் சேர வேண்டும்.

1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உணவு தானியம் முழுவதையும், சர்க்கரையில் 20 சதவீதத்தையும் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும். இந்த ஒரு சட்டம் இல்லாதிருந்தால் பிளாஸ்டிக் சாக்கு சணலை எப்போதோ விழுங்கியிருக்கும். இயற்கை நார் ஒன்றைச் சந்தை காப்பாற்றவில்லை, சட்டம்தான் காப்பாற்றியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

லினன், ஹெம்ப், மூங்கில்

லினன் துணிக்கான ஆளிச்செடி பிரான்ஸின் நார்மண்டிக் கரையிலிருந்து பெல்ஜியம், நெதர்லாந்து வரை விளைகிறது. உலக லினன் நாரில் பெரும்பங்கு இந்தக் கடலோரப் பட்டையில்தான். பாசனம் தேவையில்லை. செடியை அறுப்பதில்லை, வேரோடு பிடுங்கி வயலிலேயே வரிசையாகக் கிடத்திவிடுகிறார்கள். பனியும் பூஞ்சையும் சில வாரங்களில் நாரைப் பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. குளமும் வேண்டாம், மீனும் சாகாது. சணலை ஊறப்போடும் வங்க விவசாயிக்கு இது பொறாமையூட்டும் வசதி. ஆனால், அது நார்மண்டியின் காலை ஈரம் கொடுக்கும் வசதி. விருதுநகர் வெயிலில் பிடுங்கிப் போட்டால் செடி காய்ந்து சருகாகும். அந்தப் பிரெஞ்சு நாரிலும் பெரும்பகுதி நூலாவதற்குக் கப்பலேறிச் சீனாவுக்குப் போகிறது. ஐரோப்பிய வயலின் பசுமையில் ஒரு பகுதி சீன ஆலையின் நிலக்கரிப் புகையில் கழிந்துவிடுகிறது.

ஹெம்ப் எனப்படும் கஞ்சா இனத்து நார்ப் பயிர்தான் இப்போதைய கதாநாயகன். அடர்த்தியாக வளர்ந்து களையை அடக்குகிறது, மருந்து அதிகம் கேட்பதில்லை, நார் உறுதியானது. எல்லாம் சரி. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் தொழில் பயன்பாட்டுக்கு இடம்விட்டிருக்கிறது. உத்தராகண்ட் 2018இல் முதல் உரிமத்தை வழங்கியது. ஆனால், அந்த முரட்டு நாரைப் பருத்திபோல மென்மையாக்கக் காஸ்டிக் சோடாவில் வேக வைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கழிவு எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. பசுந்தாள் உரத்துக்காக நம் விவசாயிகள் விதைத்து மடக்கி உழும் சணப்பும் ஒரு நார்ப் பயிர்தான். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்துவிட்டுப் போகிறது. வலையும் கயிறும் திரித்த அந்த நாருக்கு இன்று விளம்பரம் செய்ய ஆளில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற பெயர் என்றால்தான் நமக்குப் பயிரிலும் கவர்ச்சி போலும்.

மூங்கில் துணியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சந்தையில் விற்பது பெரும்பாலும் மூங்கில் கூழைக் கார்பன் டைசல்பைடு போன்ற இரசாயனங்களில் கரைத்து இழுத்த ரேயான். அதை மூங்கில் என்று விளம்பரம் செய்ததற்காக 2022இல் வால்மார்ட், கோல்ஸ் நிறுவனங்களை 55 லட்சம் டாலர் செலுத்த வைத்தது அமெரிக்க வணிக ஆணையம்.

மட்டையும் தண்டும்

‘இது எப்படியும் கழிவுதான், கழிவிலிருந்து நார் எடுப்பதால் சூழலுக்குச் செலவே இல்லை’ என்ற வாதம் தென்னை நாருக்கும் வாழை நாருக்கும் சொல்லப்படுகிறது. பாதி உண்மை. தேங்காய்க்காகத் தென்னை வளர்க்கிறோம், மட்டை கூடவே வருகிறது. ஆனால், மட்டையை நாராக்கும் வேலை எங்கே நடக்கிறது, எப்படி நடக்கிறது என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. கேரளத்தில் பச்சை மட்டையை மாதக்கணக்கில் காயலில் ஊறப்போட்டுப் பொன்னிற நார் எடுத்தார்கள். அஷ்டமுடி, கடினங்குளம் காயல்களின் நீர் கறுத்து, ஹைட்ரஜன் சல்பைடு நாற்றத்தோடு மீன்வளம் போனது. பொள்ளாச்சியில் எந்திரத்தில் அடித்து நார் எடுக்கிறார்கள், காயல் தேவையில்லை. ஒரு கிலோ நாருக்குச் சுமார் இரண்டு கிலோ நார்க்கழிவு சேரும். ஒரு காலத்தில் அதை மலைமலையாகக் கொட்டிவைத்தார்கள். மழையில் அதிலிருந்து கசியும் சாயநீர் கிணறுகளைக் கெடுத்தது. பிறகு மண்ணில்லாமல் செடி வளர்க்கும் ஐரோப்பியப் பசுமைக்குடில்கள் அந்தக் கழிவையே காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தன. நல்ல செய்திதான். ஆனால், ஏற்றுமதிக்கு முன் அதிலுள்ள உப்பைக் கழுவி எடுக்க வேண்டும். கழுவுவது பொள்ளாச்சியின் நிலத்தடி நீரில்; கழுவிய உப்புநீர் இறங்குவதும் அதே நிலத்தடிக்குள். ஹாலந்தின் தக்காளிக்கு நம் கிணற்றை அனுப்பிவைக்கிறோம். 2021இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தென்னை நார்த் தொழிலை ‘வெள்ளை’ வகையிலிருந்து ‘ஆரஞ்சு’ வகைக்கு மாற்றியதைச் சிறு ஆலைக்காரர்கள் எதிர்த்தார்கள். சுத்திகரிப்புக்குப் பொது ஏற்பாடு எதுவும் செய்யாமல் வகையை மட்டும் மாற்றினால் சின்ன முதலாளி எங்கே போவார் என்ற அவர்களின் கேள்வியில் நியாயம் உண்டு. வகையை மாற்றியதிலும் நியாயம் உண்டு.

வாழைத்தண்டு விஷயம் இன்னும் நுட்பமானது. தார் வெட்டியதும் வரப்பில் கிடக்கும் தண்டிலிருந்து நார் எடுக்கலாம் என்று திருச்சி வாழை ஆராய்ச்சி மையம் தொடங்கிச் சுயஉதவிக் குழுக்கள் வரை எல்லோரும் சொல்கிறார்கள். அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழை நாரைக் கலந்து புடவையே நெய்து காட்டினார்கள். தண்டில் பெரும்பங்கு தண்ணீர். நார் மிகக் கொஞ்சம். அதோடு அந்தத் தண்டில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. அதை வயலிலேயே வெட்டிப்போட்டு மட்க வைக்கும் விவசாயிக்கு அது கழிவல்ல, அடுத்த பயிரின் உரம். தண்டை ஆலைக்கு அனுப்பிவிட்டுப் பொட்டாஷ் மூட்டையைக் கடனுக்கு வாங்கினால் என்ன லாபம்? நார் எடுத்தபின் மிஞ்சும் சாற்றிலிருந்து நீர்ம உரம் தயாரிக்கும் முறையைக் குஜராத்தின் நவ்சாரி வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. அந்த உரம் அதே வயலுக்குத் திரும்பும்வரைதான் வாழை நார் பசுமையானது.

கற்றாழை நாரும் இப்படித்தான். இலையில் நூற்றில் நான்கு பங்குதான் நார், மீதி சக்கை. தான்சானியாவின் ஹாலே தோட்டத்தில் அந்தச் சக்கையிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் தயாரித்தார்கள். மடகாஸ்கரின் தெற்குப் பகுதியில் அதே பயிருக்காக, வேறெங்கும் காணக் கிடைக்காத முட்காடுகளை வெட்டிச் சாய்த்தார்கள். போடிநாயக்கனூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் இலவமரமும், தூத்துக்குடி, இராமநாதபுரம் தேரிக்காடுகளில் பனையும் தண்ணீர், உரம், மருந்து எதையும் கேட்காமல் பஞ்சும் தும்பும் கொடுக்கின்றன. மெத்தைக்கும் தூரிகைக்கும் அவற்றை மிஞ்ச எதுவும் இல்லை. உடுத்தத்தான் முடியாது.

நொய்யல் சொல்லும் கணக்கு

வயலில் எவ்வளவு நல்ல பயிராக இருந்தாலும் சாயப்பட்டறை வாசலில் கதை மாறிவிடுகிறது. பருத்தித் துணியில் சாயம் ஒட்ட உப்பு வேண்டும். ஒரு கிலோ துணிக்கு ஏறத்தாழ அரை கிலோ, அடர்ந்த நிறத்துக்கு அதற்கும் மேல். நீரோடு போன அந்த உப்பு திருப்பூரிலிருந்து நொய்யல் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தொட்டியானது. கீழ்மடை விவசாயிகள் ‘தண்ணீர் திறக்காதீர்கள்’ என்று வழக்குப் போட்ட விசித்திரம் வேறெங்கும் நடந்திருக்குமா தெரியவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரை வெளியே விடாத முறை உண்மையிலேயே நடைமுறைக்கு வந்தது. நொய்யலில் ஓடிய சாயத்துக்கு, பஞ்சு மானாவாரியா இறவையா என்ற பேதம் கிடையாது. இயற்கைப் பருத்தியும் அதே தொட்டியில்தான் முங்கி எழுந்தது. பழுப்பு நிறத்திலேயே விளைந்த காக்கிநாடாப் பருத்தி ஒரு காலத்தில் கப்பலேறிப் போனது. சாயமே தேவைப்படாத அந்த ரகங்களைத் தேடி இப்போது ஆராய்ச்சி நிலையங்கள் திரும்பிப் பார்க்கின்றன.

இந்தச் சண்டையெல்லாம் இயற்கை நார்களுக்குள் நடந்துகொண்டிருக்க, களத்தைப் பாலியஸ்டர் கைப்பற்றிவிட்டது. 2023இல் உலகம் உற்பத்தி செய்த சுமார் 12.4 கோடி டன் நாரில் பாலியஸ்டர் 57 சதவீதம். பருத்தி 20 சதவீதம். ஆடை நிறுவனங்கள் பயன்படுத்திய ‘ஹிக்’ என்ற மதிப்பீட்டுக் குறியீடு பாலியஸ்டரைப் பருத்தியைவிடப் பசுமையானதாகக் காட்டியது. அதை வைத்து விளம்பரம் செய்வது நுகர்வோரை ஏமாற்றுவதாகும் என்று 2022இல் நார்வே நுகர்வோர் ஆணையம் சொன்னது. துவைக்கத் துவைக்க உதிரும் நுண்பிளாஸ்டிக்கை எடைபோடாத தராசு அது. பருத்திக்கு மட்டும் ஒவ்வொரு சொட்டையும் எண்ணுவார்கள். எண்ணெய்க் கிணற்றிலிருந்து வரும் இழைக்கு அந்தக் கண்டிப்பு கிடையாது.

என்னைத் தரம்பிரிக்கச் சொன்னால் இப்படிச் சொல்வேன். நார்மண்டியில் ஆளி, வங்கத்தில் ஓடுநீரில் ஊறிய சணல், தேரிக்காட்டில் பனந்தும்பு, கரிசலில் பயறோடு ஊடுபயிராக நின்ற மானாவாரி நாட்டுப் பருத்தி: இவை முதல் வரிசை. கழிவுநீருக்குப் பதில் சொல்லும் ஆலையிலிருந்து வரும் தென்னை நார் அடுத்தது. ஆழ்துளைக் கிணற்றில் விளைந்த பி.டி. பருத்தியும் இரசாயனத்தில் கரைத்த மூங்கிலும் கடைசி. ஹெம்புக்கு இன்னும் இடம் கொடுக்க மாட்டேன். அது எந்த மண்ணில், எந்த ஆலையில் என்று தெரிந்த பிறகு பார்க்கலாம்.

அரசின் கொள்கை இதற்கு நேரெதிர்த் திசையில் போகிறது. பருத்திக்கு மத்திய அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை நடுத்தர இழை, நீண்ட இழை என்ற இரண்டு அடிப்படை வகைகளுக்குத்தான். 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாயும் 8,110 ரூபாயும். விலையை நிர்ணயிப்பது இழையின் நீளம். அந்தப் பஞ்சு எவ்வளவு தண்ணீர் குடித்தது, எத்தனை முறை மருந்து கண்டது என்பதற்கு விலையில் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்த ஐந்தாண்டுப் பருத்தி உற்பத்தித்திறன் இயக்கமும் மிக நீண்ட இழைப் பருத்தியைத்தான் ஊக்குவிக்கப்போகிறதாம். பருத்தி நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு மானாவாரியாக இருக்கும் நாட்டில், பாசனம் கேட்கும் பருத்திக்கு இயக்கம்!

சணலை ஒரு சட்டம் காப்பாற்றியது என்று மேலே சொன்னேன். அதுபோல ஒன்று பருத்திக்கும் வேண்டும். நாட்டு ரக மானாவாரிப் பருத்திக்குத் தனி ஆதரவு விலையை மத்திய அரசு அறிவிக்க வேண்டும். இந்தியப் பருத்திக் கழகம் கோவில்பட்டியிலும் அருப்புக்கோட்டையிலும் அதைக் கொள்முதல் செய்ய வேண்டும். பொங்கலுக்குத் தமிழ்நாடு அரசு தரும் இலவச வேட்டி, சேலைக்கு வாங்கும் நூலில் ஒரு பங்கையாவது அந்தப் பஞ்சிலிருந்து நூற்கச் சொல்ல வேண்டும். துணிக் கடைகளில் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் ‘மானாவாரி’, ‘இறவை’ என்று ஒரு சொல்லும், சாயமிட்ட ஊரின் பெயரும் இருந்தால் மீதியை வாங்குபவர் பார்த்துக்கொள்வார். ஐப்பசி விதைப்புக்கு முன் விலை தெரிந்தால்தான் விவசாயி விதையைத் தேடுவார். அறிவிப்பு ஆவணியிலேயே வர வேண்டும்.